‘நீங்க’ வேண்டாம், ‘நீ’ போதும்

சிரிப்பைத் தொழிலாகவும் சினத்தைப் பொழுதுபோக்காகவும் வைத்துக்கொண்டு, ஐந்தாண்டுக் காலம் எங்களை ஆட்டிப் படைத்துவிட்டு, இன்று அவைத் தலைவராக அமைதியே உருவாக அமர்ந்திருக்கும் எங்கள் இயக்குநர் அவர்களே! அரிதாரம் கலைந்த பின்னும் அழகு கலையாமல், சின்னத்திரை மனைவியாக நம் எல்லோர் வீட்டுக்குள்ளும் வந்துபோன அம்மையார் அவர்களே! அவைக்கு அணிசெய்யும் ஆன்றோரே, சான்றோரே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு ‘சாவி யார்கிட்ட?’ பார்க்க ஓடிவந்து, பால் பொங்கி வழிந்ததற்கு எங்களைத் திட்டித் தீர்த்த தாய்மார்களே! நீங்கள் பிறக்கும் முன்பே முடிந்துபோன ஒரு தொடரைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, எங்களைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கும் இளைய தலைமுறையே! முதல் வரிசையில், இடப்பக்கம் மூன்றாவது நாற்காலியில், மின்விசிறி மூச்சு வாங்கும் இந்தப் புழுக்கத்திலும் நீலக் கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கழுத்து வரை பொத்தானும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் அண்ணியே! உங்கள் அத்தனை பேருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தலைவர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, நன்றாகப் பாருங்கள். என்னை வெட்டுவதற்கு இன்று உங்கள் கையில் தொகுப்பு அறை இல்லை.

அழைப்பிதழில் என் தலைப்பு என்ன? ‘தொடரின் சுவையான பின்னணித் தகவல்கள்’. சுவையானவை நிறைய இருக்கின்றன; சொல்கிறேன். ஆனால் ஒன்று கசப்பானது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதைக் கேட்கவேண்டியவர் இந்த அரங்கில் ஒரே ஒருவர். இருபது ஆண்டுகளாக அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, அவர் தெருவுக்குள் நுழையாமல், அவர் எதிரே வந்தால் கடைக்குள் ஒதுங்கி, காலத்தை ஓட்டியவள் நான். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எனக்குச் சாட்சிகள்.

நான் யார்? ஒவ்வொரு வாரமும் தொடர் முடிந்ததும் பெயர்கள் ஓடும். எல்லோரும் எழுந்து கைகழுவப் போகும் நேரத்தில், எறும்பு அளவு எழுத்தில், அரை நொடி ஓடிய பெயர் என்னுடையது. தொடர்ச்சி உதவியாளர். காட்சி வெட்டுப்படும்போது கோப்பை இடக்கையில் இருந்தால், மறுபடி தொடங்கும்போதும் இடக்கையில் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நாற்காலியின் நான்கு காலுக்கும் தரையில் பட்டை ஒட்டிவைத்து, ஒரு விரல் நகர்ந்தாலும் ஊரைக் கூட்டுகிற வேலை. எதுவும் இடம் மாறக்கூடாது. அதுதான் என் தொழில், அதுதான் என் தவம், அதுவேதான் என் திமிரும். படப்பிடிப்புத் தளத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பிட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் பிட்டு? வருகிறேன், அதற்கும் வருகிறேன்.

இளைஞர்களே, நீங்கள் உயிராய் நேசிக்கும் அந்த மூன்றாவது மாடி வீடு எப்படி இருந்தது தெரியுமா? மூன்றே சுவர். கூரை கிடையாது. மாடிப்படி நான்கே படி. நான்காவது படிக்கு மேலே ஒரு பலகை. ‘நான் தூங்கப் போறேன்’ என்று மேலே ஏறிய நடிகர்கள் காட்சி முடியும் வரை அந்தப் பலகையில் குந்தியிருப்பார்கள். சன்னல் வழியாக வந்த காலைச் சூரியன் இரும்புக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது சூடாகி இரண்டு முறை திரைச்சீலையைப் பொசுக்கியது. சிரிப்புச் சத்தம் ஒட்டவைத்ததா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். ஒட்டவைத்த சிரிப்பல்ல ஐயா! புதன்கிழமைதோறும் பிற்பகலில் மரப் பலகைகளில் எண்பது பேரை உட்காரவைத்து, அவர்கள் வயிறு வலிக்க வாங்கிய சிரிப்பு.

என்ன? பின்வரிசைத் தம்பி ஏதோ கத்துகிறார். ‘ஃபிரிட்ஜ்’ என்கிறார். தெரியும் தம்பி, தெரியும். ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் இந்த மேடையை விட்டு என்னை வீட்டுக்கு விடமாட்டீர்கள்.

நம் கதாநாயகர், இதோ என் பின்னால் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, நான் அண்ணே என்று அழைத்த அந்த மனிதர், முதல் வரிசை அண்ணியின் கணவர், தொடரில் குடும்பத் தலைவர். சாவியைத் தொலைப்பவர். யாராவது சிக்கலான கேள்வி கேட்டால் என்ன செய்வார்? எழுந்து போவார். ஃபிரிட்ஜைத் திறப்பார். உள்ளே பார்ப்பார். ஐந்து நொடி, ஆறு நொடி, ஏழு நொடி. மூடுவார். திரும்பி ஒரே ஒரு வரி பதில் சொல்வார். எண்பது பேரும் பலகையைத் தட்டிச் சிரிப்பார்கள். நாடே அதைச் செய்தது அல்லவா? ‘கல்யாணத்துக்குச் சம்மதமா?’ என்று மகள் கேட்டால் அப்பா ஃபிரிட்ஜைத் திறந்தார். சம்பள உயர்வு கேட்டால் மேலாளர் அலமாரியைத் திறந்தார். மௌனத்தின் மேதை என்று பத்திரிகையில் எழுதினார்கள். அந்த ஏழு நொடியில் அவர் என்ன நினைத்தார் என்று கல்லூரியில் ஒருவர் ஆராய்ச்சிகூடச் செய்தார்.

அந்த ஏழு நொடியில் அவர் ஒன்றும் நினைக்கவில்லை. அவர் படித்தார்.

ஆம். அந்த ஃபிரிட்ஜில் குளிர் இல்லை, காய் இல்லை, முட்டை இல்லை. முட்டை வைக்கும் குழி ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் அவர் அடுத்துப் பேசவேண்டிய வசனம் இருந்தது. எழுதியவள் நான். பரீட்சையில் இதற்கு என்ன பெயர்? பிட்! பிட் எழுதினவன் பிடிபட்டால் மூன்று வருடம் தடை. பிட் எழுதிக் கொடுத்த எனக்கோ மாதச் சம்பளம். இப்போது தெரிகிறதா, நான் ஏன் பிட்டு என்று? தளத்தில் எல்லோரும் என் உருவத்துக்கு வைத்த பெயர் என்று நினைத்தார்கள். வைத்தவர் அவர். அதன் பொருள் அவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்: நன்றாக நடிக்கத் தெரிந்த ஒரு மனிதருக்கு எதற்குச் சீட்டு?

நான்காம் ஆண்டு. ஒரு புதன்கிழமை. இன்று என் பேச்சுக்குப் பிறகு திரையில் போடப்போகிறார்களே, ‘காலத்தை வென்ற காமெடிக் காட்சி’ என்று, அது பதிவான நாள். காட்சி எளிமையானது. அவர் வெளியிலிருந்து வரவேண்டும், கதவைத் திறக்கவேண்டும், ‘எனக்கு மாற்றல் வந்துடுச்சு’ என்று மனைவியிடம் சொல்லவேண்டும். வந்தார். திறந்தார். கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். நான் நிறுத்துக் கடிகாரம் வைத்திருப்பவள், ஒன்பது நொடி. பிறகு மெதுவாகக் கேட்டார்:

“ஆமா... நான் எதுக்கு வந்தேன்?”

பலகைகள் அதிர்ந்தன. இதோ இந்த அம்மையார், நெருப்பில் நின்றாலும் நிதானம் தவறாதவர், கண் இமைக்காமல் திருப்பிக் கேட்டார்: “இந்த வீட்டுக்கா, இந்த உலகத்துக்கா?” அவ்வளவுதான். ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்துப் பலகையிலிருந்தே விழுந்தார். தலைவர் அவர்கள் ஓடிவந்து, இனி வாரா வாரம் இந்த வரி வேண்டும் என்று எழுத்தாளருக்கு ஆணையிட்டார்.

பதிவு முடிந்ததும் அவர் என்னைப் பொருள் அறைக்குக் கூப்பிட்டார். உடைந்த குடைகளும் பொய்த் தொலைபேசிகளும் அடுக்கிவைத்த அறை. கதவைச் சாத்தினார்.

“தங்கச்சி, அந்த வசனத்தை எழுதினது யாரு?”

“யாரும் எழுதலண்ணே. நீங்களாத்தானே பேசினீங்க?”

“நான் பேசலம்மா. கேட்டேன்.”

பெரியோர்களே! நாடு சிரித்த அந்த நகைச்சுவை, ஒரு மனிதர் தன்னைத் தொலைத்துக்கொண்டு நின்ற ஒன்பது நொடி. ‘எதற்கு வந்தேன்’ என்று அவர் உண்மையிலேயே கேட்டார், நாம் கைதட்டினோம். வழி தெரியாமல் விழித்தார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். யாரைக் குற்றம் சொல்வது? உங்களையா? என்னையா? பலகையிலிருந்து விழுந்த அந்தப் பெரியவரையா? யாருக்குமே தெரியாதே.

தலைவர் அவர்களே, உங்களுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் ஐயா, அவசரமில்லை. அம்மையாரைப் பாருங்கள், அவர் ஆச்சரியப்படவில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. அண்ணன் வரி மறந்து நின்ற ஒவ்வொரு முறையும் அந்த வரியைக் கேள்வியாக்கி அண்ணனுக்கு எடுத்துக் கொடுத்தவர் இந்த அம்மையார். அந்த நன்றியை இன்றாவது சொல்லிவிடுகிறேன்.

மருத்துவர் நோய்க்கு ஒரு பெயர் சொல்லிவிட்டார். அந்தப் பெயர் எதற்கு இப்போது? குணமாகாது, குறையும், குறைந்துகொண்டே போகும் என்றார்கள். வேலையை விட்டுவிடுங்கள் அண்ணே, வீட்டில் அண்ணியோடு இருங்கள் என்று நான்கூடச் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன். “வீட்ல அவ பெருக்கும்போது நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திடுவா. அவ்வளவுதான், எனக்கு வீடே தெரியாமப் போயிடுது. இங்க நீ ஒண்ணையும் நகர விடமாட்டே. இந்த வீட்லதான் எனக்கு இன்னும் வழி தெரியுது. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனே.”

மூன்று சுவர் வீட்டில், கூரையில்லா வீட்டில், கம்பத்துச் சூரியன் காய்ந்த வீட்டில்தான் அந்த மனிதருக்கு வழி தெரிந்தது. நான் என்ன செய்வேன்? எழுதினேன். ஃபிரிட்ஜில் எழுதி வைத்தேன். மேசை விரிப்பின் மடிப்பில் எழுதி வைத்தேன். கோப்பையின் அடியில், தலையணையின் பின்புறத்தில், செய்தித்தாளின் நடுவில். அந்தத் தலைகீழ்ச் செய்தித்தாள் காட்சி நினைவிருக்கிறதா? தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரைப் பக்கம் படித்தாரே, என்ன குறியீடு, என்ன நையாண்டி என்று எல்லோரும் வியந்தார்களே? ஒரு குறியீடும் இல்லை. அவசரத்தில் நான் சீட்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். அவர் சீட்டு நேராக வரும்படி தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் பலகையில் இரண்டு பேர் அதேபோலத் தலைகீழாகப் பத்திரிகை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “பாத்தியா பிட்டு, உன் தப்பு ஃபேஷன் ஆயிடுச்சு” என்று அவர் சிரித்தார். அன்று நானும் சிரித்தேன்.

என் வேலையில் ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். வைத்ததை எடு. பதிவு முடிந்ததும் எத்தனை சீட்டு வைத்தேனோ அத்தனையையும் எடுத்துக் கிழித்துவிட வேண்டும். யார் கண்ணிலும் ஒன்றுகூடப் படக்கூடாது. ஓராண்டுக்கு மேல் அந்த விதி ஒரு நாளும் தவறவில்லை.

கடைசிக் காலத்தில் புதிதாக ஒன்று தொடங்கியது. நம்முடைய மொழியில் இரண்டு சொல் இருக்கிறது. ‘நீ’ ஒன்று, ‘நீங்க’ ஒன்று. நெருங்கியவளுக்கு ‘நீ’, தெரியாதவருக்கு ‘நீங்க’. முப்பது வருடம் வாழ்ந்த மனைவியை ஒருவன் திடீரென்று ‘நீங்க’ என்றால் என்ன அர்த்தம்? ஒன்று கோபம், அல்லது கேலி. நம் அண்ணன் தொடர் மனைவியை ‘நீங்க’ என்று அழைக்க ஆரம்பித்தார். ‘உட்காருங்க’ என்றார். ‘தண்ணி குடிக்கிறீங்களா?’ என்று உபசரித்தார். பலகைகள் சிரித்தன. அம்மையார் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இவருக்கு நான் யாரென்று தெரியவில்லை என்று அந்த முகம் சொன்னது.

இறுதிப் பகுதி வந்தது. குடும்பம் வீட்டைக் காலி செய்கிற கதை. சாமான் எல்லாம் போய்விட்டது. ஐந்து வருடம் தொலைத்த சாவி கடைசி நாளில் அவர் கோட்டுப் பையிலேயே கிடைக்கிறது. அதை மனைவியிடம் நீட்ட, வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் அவள். அதற்கு அவர் சொல்லும் வரி, தொடரின் கடைசி வரி, உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். சேர்ந்து சொல்லுங்கள்! “எனக்கெதுக்குச் சாவி? நீ உள்ளதானே இருக்கே.”

நன்றி. அந்த வரியில் ‘நீங்க’ வந்தால் என்ன ஆகும்? ‘நீங்க உள்ளதானே இருக்கீங்க’. வாடகைக்கு இருப்பவரிடம் வீட்டுக்காரர் பேசுவது போல ஆகிவிடும். ஐந்து வருடக் கதை அந்த ஒரு சொல்லில் செத்துவிடும். காலி வீடு, ஃபிரிட்ஜ் இல்லை, மேசை இல்லை, செய்தித்தாள் இல்லை. சீட்டு ஒட்ட எனக்கு இடமில்லை. எனவே சின்னதாக ஒரே ஒரு சீட்டு எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தேன். அம்மையார் அந்தக் காட்சியில் போட்டிருந்தது இதே நீல ஸ்வெட்டர். நான் எழுதினேன்: ‘நீல ஸ்வெட்டர் போட்டவள் உன் மனைவி. நீங்க வேண்டாம், நீ போதும்.’

சீட்டை எடுத்துப் பார்த்தார். அம்மையாரைப் பார்த்தார். அந்த வரியைச் சொன்னார். அப்படி ஒரு ‘நீ’யை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பலகைகளில் எண்பது பேரும் எழுந்து நின்றார்கள். தலைவர் அழுதார், விளக்குக்காரர் அழுதார், உடை அறைக்காரர் அழுதார், நானும் அழுதேன். கட்டிப்பிடித்துக்கொண்டோம், படம் எடுத்துக்கொண்டோம், பிரிந்தோம்.

அவையோரே, என் வாழ்நாளில் வைத்ததை எடுக்காமல் வீட்டுக்குப் போன ஒரே நாள் அது. மறதிக்காரரைக் காவல் காக்க வந்தவள், மறந்துவிட்டேன். அந்தச் சீட்டு அவர் பையிலேயே வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் தளத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உடை அறையில் துணி அடுக்க நான் உதவி செய்துகொண்டிருந்தேன். அண்ணி வந்தார். என்னைப் பார்த்து, “நல்லாயிருக்கியா பிட்டு?” என்றார். பிறகு உடைக்காரரிடம் அந்த நீல ஸ்வெட்டரைக் கேட்டார். அது நிலையத்துச் சொத்தும்மா என்று அவர் தயங்கியபோது, அண்ணி காரணம் சொன்னார். நின்றபடியே, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

“நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தாரு. கதவைத் திறந்தேன். பையிலேருந்து ஏதோ சீட்டை எடுத்துப் பார்த்தாரு. என் புடவையைப் பார்த்தாரு. மறுபடி சீட்டைப் பார்த்தாரு. ‘மன்னிச்சுக்கங்க, வீடு மாறி வந்துட்டேன் போல. நீங்க யாருங்க?’ன்னு கேட்டாரு. மத்ததெல்லாம் மறந்திருக்காரு. என்னை மறந்தது இதுதான் முதல் தடவை. ஸ்வெட்டர் எங்க, ஸ்வெட்டர் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

முதல் தடவை! கேட்டீர்களா தாய்மார்களே? அதுவரை அவர் அண்ணியை மறக்கவில்லை. கோப்பையை மறந்தார், தேதியை மறந்தார், வசனத்தை மறந்தார், அண்ணியை மறக்கவில்லை. என் சீட்டு மறக்க வைத்தது. மனைவி என்றால் நீல ஸ்வெட்டர் என்று நான் எழுதினேன், அவர் நம்பினார். ஒன்றரை வருடம் என் எழுத்தையே நம்பி வாழ்ந்தவர் வேறு எதை நம்புவார்? அந்த வீட்டு வாசலில் நின்ற அந்தப் பெண்ணை அந்நியராக்கியது நோய் இல்லை. நான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணி, அது நான் எழுதியது, மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை. என் கையில் துணி தொங்கவிடும் கொக்கி ஒன்று இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடைக்காரர் ஸ்வெட்டரை மடித்துக் கொடுத்தார். அண்ணி போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நடந்ததை உடைக்காரர்தான் எனக்குச் சொன்னார். அண்ணி அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டதாம். “எங்க போயிட்டே நீ? இங்க யாரோ ஒரு அம்மா இருந்தாங்க. நல்லவங்க. காபியெல்லாம் போட்டுக் கொடுத்தாங்க” என்றாராம். சிரிப்பதா, அழுவதா? நீங்களே சொல்லுங்கள். அன்றிலிருந்து ஆறு ஆண்டு, அவர் கண்ணை மூடும் வரை, வெயிலிலும் மழையிலும், சமைக்கும்போதும் துவைக்கும்போதும், அண்ணி இந்த ஸ்வெட்டரோடு இருந்தார். முழங்கையில் ஒட்டுப் போட்டிருக்கிறார், பாருங்கள். வேர்க்குரு வந்து கழுத்தெல்லாம் புண்ணானது என்று கேள்விப்பட்டேன். அவர் போய்ப் பதினான்கு ஆண்டு ஆகியும், அவர் படம் வைத்திருக்கும் கூட்டத்துக்கெல்லாம் இதைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார். ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு, “படத்துல இருக்கிறவருக்கும் அடையாளம் தெரியணுமில்ல?” என்றாராம்.

இறுதி ஊர்வலத்தன்று நான் வந்தேன் அண்ணி. தெருமுனை வரை வந்தேன். சன்னலில் நீல நிறம் தெரிந்தது. திரும்பிப் போய்விட்டேன்.

இன்று சொல்கிறேன். தலைவர் கேட்க, சபை கேட்க, படத்தில் இருப்பவரும் கேட்கச் சொல்கிறேன். அந்தச் சீட்டை எழுதியவள் நான். எடுக்க மறந்தவள் நான். தெரிந்தும் வாய்மூடி நின்றவள் நான். என்னால் நீங்கள் ஆறு வருடம் வெந்தீர்கள். என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு...

என்ன அண்ணி? எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். தம்பி, அவர் கையில் ஏதோ வைத்திருக்கிறார், வாங்கி இங்கே கொடு. ஒலிவாங்கியை அவர் பக்கம் நீட்டு. வேண்டாமா? சரி, நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

...

பின்வரிசைக்கு அண்ணி பேசியது கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர்... இருக்கட்டும், பரவாயில்லை.

அண்ணி சொல்கிறார்: “உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா பிட்டு? அவர் போன அன்னைக்கே அவரோட மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள கிடைச்சுது. நீயா வருவேன்னு பதினாலு வருஷமாப் பையிலேயே வெச்சிருக்கேன். நீதான் வரவே இல்லையே.”

இதோ, என் கையில் இருப்பது அந்தச் சீட்டு. என் எழுத்துதான். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருக்கிறது. ‘நீல ஸ்வெட்டர் போட்டவள் உன் மனைவி. நீங்க வேண்டாம், நீ போதும்.’ திருப்பிப் பார் என்கிறார். பின்புறம் இன்னொரு எழுத்து இருக்கிறது. கோணல் மாணலான எழுத்து. அவருடையது. என்றைக்கு எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. எந்த நல்ல நிமிடத்தில், எந்தத் தெளிவான காலையில், தனக்குத் தானே பிட் எழுதி வைத்தாரோ. படிக்கிறேன்.

‘ஸ்வெட்டர் இல்லாட்டியும் நீன்னு கூப்பிட்டுப் பாரு. திரும்பினா அவதான்.’

இன்னும் ஒன்று சொன்னார் அண்ணி. ஒரு நாள் துவைத்த ஸ்வெட்டர் காயவில்லையாம். இன்றைக்கு நான் அந்தக் காபி கொடுக்கிற அம்மாதான் என்று நினைத்துக்கொண்டு, முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம். பின்னாலிருந்து ‘நீ...’ என்று ஒரு குரல். திரும்பினாராம். வாசல்படியில் அண்ணன், கையில் கண்ணாடிக் கூடு. ‘ஆங். நீதான்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாராம். ஏதோ தற்செயல் என்று நினைத்தாராம் அண்ணி. அதற்குப் பிறகும் எத்தனையோ நாள், எதற்கென்றே தெரியாமல், ‘நீ’ என்று ஒற்றைச் சொல்லாகக் கூப்பிடுவாராம். திரும்பினால் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவாராம். இந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் அது சோதனை என்று அண்ணிக்குப் புரிந்தது. “நான்தான் ஸ்வெட்டரை நம்பிக்கிட்டிருந்தேன். அவர் அதைப் பாதியிலேயே விட்டுட்டாரு” என்கிறார்.

அண்ணே! ஒரு வரி மறக்காமல் பேச உங்களுக்கு என் சீட்டு வேண்டியிருந்தது. என் சீட்டில் இருந்த தவற்றைத் திருத்த நான் வேண்டியிருக்கவில்லை. அன்று என் தலைகீழ்ச் சீட்டுக்காகச் செய்தித்தாளைத் திருப்பினீர்கள். இதையும் நீங்களே திருப்பிக்கொண்டீர்கள்.

தலைவர் அவர்களே, பதினைந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. வெட்டாமல் விட்டதற்கு நன்றி. இனி விளக்கை அணைத்து அந்தக் காட்சியைப் போடுவார்கள். கதவைத் திறப்பார், நிற்பார், ‘நான் எதுக்கு வந்தேன்?’ என்பார். சிரிக்கலாமா கூடாதா என்று நீங்கள் தயங்குவீர்கள். நானும் கீழே இறங்கியதும் அண்ணியிடம் அதைத்தான் கேட்பதாக இருந்தேன். அவர் இப்போதே பதில் சொல்லிவிட்டார். சிரிக்கலேன்னா அவருக்குக் கோபம் வரும் என்கிறார். சிரியுங்கள். மனம்விட்டுச் சிரியுங்கள். பலகையிலிருந்து விழுந்தாலும் பரவாயில்லை.

என்னைப் பேச அழைத்தவர்களுக்கும், எழுந்து போகாமல் இருந்தவர்களுக்கும், பிட் இல்லாமல் நான் பேசிய முதல் பேச்சைப் பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி.

அண்ணி, புழுக்கம் தாங்கவில்லை. அந்த ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். அவருக்கு உங்களைத் தெரியும்.

வணக்கம்.